முதிர்ந்த போர்தோ ஒயின்களைப் பெயர் மறைத்துச் சுவைக்கும் விருந்து: ஏற்பாடும் நடைமுறையும்

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் நிலவறையில் கிடந்து முதிர்ந்த ஒரு பிரெஞ்சு ஒயினை, அதன் பெயரும் விலையும் தெரியாமல் அருந்தும்போதுதான் அதை உள்ளபடி அறிகிறோம் என்பது, பாரிஸ் புறநகரில் என் வீட்டு மேசையைச் சுற்றி நண்பர்களோடு பல ஆண்டுகளாகக் கூடிச் சுவைத்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று. லேபிளில் அச்சிட்ட மாளிகையின் படத்தைக் கண்டவுடன் நம் நாக்கு பணிந்துவிடுகிறது. பிறகு நாம் சொல்வதெல்லாம் அந்தப் பெயரைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டவையாகவே இருக்கும். கண்ணும் இதே வேலையைச் செய்கிறது. 2001 ஆம் ஆண்டில் மோரோ, ப்ரோஷே, துபூர்தியே ஆகிய மூன்று ஆய்வாளர்கள், தென்மேற்குப் பிரான்ஸின் ஒயின் நகரமான போர்தோவில் ஒயின் இயல் படித்துவந்த 54 மாணவர்களிடம், மணமற்ற நிறமியால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே நிலைமை இதுவென்றால், வீட்டு விருந்தில் பெயரை மறைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. பிரான்ஸின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கக்கூடிய ஆறு புட்டிகளை, ஒரு குறிப்பும் கொடுக்காமல் வரிசையாக வைத்தால், விருந்து விடுகதைப் போட்டியாகிவிடும். அதிகம் படித்தவர் பேசிக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தில் கோப்பையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள். களத்தைச் சுருக்கி, அந்தச் சுருக்கிய களம் எது என்பதை விருந்தினருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதற்குள் எந்தக் கோப்பையில் எது இருக்கிறது என்பதை மட்டும் மறைப்பதே சரியான முறை என்று நான் கருதுகிறேன். கேள்வி சிறியதாக இருக்கும்போதுதான் புதியவரும் துணிந்து விடை எழுதுவார்.

முதல் விருந்துக்கு நான் பரிந்துரைக்கும் களம் போர்தோவின் இரண்டு கரைகள். கரோன், தோர்தோன் என்னும் இரண்டு ஆறுகளும் கூடி ஜிரோந்த் என்னும் அகன்ற கழிமுகமாக அட்லாண்டிக் கடலுக்குச் செல்கின்றன. கழிமுகத்தின் இடக்கரையில் மெடோக் இருக்கிறது. அங்குள்ள சரளை நிலம் நீரை விரைவில் வடித்துவிட்டுப் பகல் வெயிலின் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்வதால், தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் திராட்சை அங்கே நன்கு விளைகிறது. தோர்தோன் ஆற்றின் வலக்கரையில் சான்-எமிலியோனும் பொம்ரோலும் இருக்கின்றன. களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் மிகுந்த அந்தக் குளிர்ந்த நிலத்துக்கு, முன்னதாகவே பழுத்துவிடும் மெர்லோ பொருந்துகிறது. முதலாவது நிமிர்ந்து நிற்கும் ஒயினைத் தருகிறது, இரண்டாவது விரிந்து படரும் ஒயினைத் தருகிறது என்று மிகச் சுருக்கமாகச் சொல்லலாம். முதுமையிலும் இந்த வேறுபாடு நிலைக்கிறதா என்பதே விருந்தின் கேள்வி.

ஆண்டுகளைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. 1996 ஆம் ஆண்டில் மெடோக்கின் கபெர்னே மிகச் சிறப்பாகப் பழுத்தது. 1998 ஆம் ஆண்டிலோ, செப்டம்பர் இறுதியில் பெய்த மழைக்கு முன்பே வலக்கரையின் மெர்லோ பெரும்பாலும் பறிக்கப்பட்டுவிட்டதால், சான்-எமிலியோனும் பொம்ரோலும் அந்த ஆண்டில் மேலோங்கின. இடக்கரையின் கபெர்னே அப்போதும் கொடியில் நனைந்துகொண்டிருந்தது. ஆகவே இடக்கரையிலிருந்து மூன்று 1996 புட்டிகளையும் வலக்கரையிலிருந்து மூன்று 1998 புட்டிகளையும் எடுத்தால், ஒவ்வொரு கரையும் தன் நல்ல முகத்தோடு மேசைக்கு வருகிறது. இவ்வளவு முதிர்ந்த ஒயினில் இரண்டு ஆண்டு வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

போர்தோவின் ஷாத்தோக்களை, அதாவது ஒயின் பண்ணைகளை, தரம் பிரித்த 1855 ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றவற்றின் ஒயினை வாங்க வேண்டும் என்று யாரும் எண்ணத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் இடம்பெறாத சோசியாந்தோ-மாலே, மூலிஸ் கிராமத்தின் ஷாஸ்-ஸ்ப்ளீன், பூஜோ போன்றவை நன்கு பாதுகாக்கப்பட்டிருந்தால் இந்த வயதிலும் கம்பீரமாக நிற்கக்கூடியவை. வலக்கரையில் ஃப்ரோன்சாக், லாலாந்த் த பொம்ரோல் ஆகிய இடங்களின் நல்ல பண்ணைகளைத் தேடலாம். கையில் பணம் கூடுதலாக இருந்தால் வலக்கரை மூன்றில் ஒன்றாக ஃபிஜாக்கைச் சேர்ப்பது மிகுந்த பயன் தரும்: சான்-எமிலியோனில் இருந்தாலும் சரளை நிலத்தில் அமைந்திருக்கும் அந்தப் பண்ணை, கபெர்னே சோவிஞோன், கபெர்னே ஃப்ரான், மெர்லோ மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் வளர்ப்பதால், கரையைப் பற்றி நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் விதிகளைக் கேள்விக்கு உள்ளாக்கும்.

பழைய புட்டியை வாங்கும்போது, விளைந்த ஆண்டைவிட, அது இத்தனை காலம் எங்கே கிடந்தது என்பதே முக்கியம். 12, 13 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், இருட்டில், ஈரப்பதமான அறையில் படுக்கவைக்கப்பட்ட சாதாரண ஒயின், அடுப்படி அலமாரியில் நின்றிருந்த புகழ்பெற்ற ஒயினை எளிதில் வெல்லும். புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் நிரப்பு மட்டத்தைப் பாருங்கள்: கழுத்தின் அடிவரை ஒயின் இருந்தால் இந்த வயதுக்கு நன்று, தோளின் நடுப்பகுதிக்கு இறங்கியிருந்தால் கார்க் வழியாகக் காற்று புகுந்திருக்கலாம் என்று கொண்டு விலகுங்கள். செலவை எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொண்டு, ஒருவரே ஆறு புட்டிகளையும் தேர்ந்து வாங்குவது நல்லது. ஆளுக்கொன்று கொண்டுவரும் முறையில், கொண்டுவந்தவர் தன் ஒயினை அடையாளம் கண்டுகொண்டு அதற்காக வாதாடத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏழாவதாக ஒரு புட்டியையும் வாங்கி வையுங்கள்; பழைய ஒயினில் ஏதாவதொன்று கெட்டிருக்க வாய்ப்புண்டு.

புட்டிகள் விருந்துக்கு ஒரு வாரம் முன்பாவது வீடு வந்து சேர வேண்டும். டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து மண்டியாக அடியில் படிவதுதான் சிவப்பு ஒயினின் முதுமை. பயணத்தில் கலங்கிய அந்த மண்டி மீண்டும் படிய நாளாகும். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். பரிமாறும் வெப்பநிலை 16 அல்லது 17 டிகிரியாக இருக்கட்டும். சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்னும் பழைய பிரெஞ்சு வழக்கம், வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி வருவதற்கு முந்தைய குளிர்ந்த அறைகளை வைத்துச் சொன்னது. இன்றைய பாரிஸ் அடுக்கக வீட்டின் 21, 22 டிகிரியில் பழைய ஒயின் தளர்ந்து, ஆல்கஹாலின் நெடி மட்டும் மேலே நிற்கும்.

திறப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. இந்த வயதுடைய கார்க், திருகாணியைச் செலுத்தியதும் பொடிந்துவிடக்கூடும்; ஆகவே கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் இறங்கும் இரண்டு மெல்லிய தகடுகளைக் கொண்ட திறப்பானைப் பயன்படுத்துங்கள். நீண்ட தகட்டை முதலில் நுழைத்து, இரண்டையும் மாறிமாறி மெல்ல அசைத்து இறக்கி, பிறகு திருகியபடியே மேலே இழுக்க வேண்டும். கழுத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கீழே ஒரு மெழுகுவத்தியையோ கைபேசி விளக்கையோ வைத்து, ஒயினை ஒரே சீராக, இடையில் நிறுத்தாமல் டிகாண்டர் என்னும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். மண்டியின் மெல்லிய இழை தோளை நோக்கி வருவது விளக்கொளியில் தெரியும். அந்தக் கணத்தில் நிறுத்திவிடுங்கள். ஊற்றும் பாத்திரங்களையும் கோப்பைகளையும் சில துளி ஒயினால் அலசிக்கொள்ளும் வழக்கத்தை இங்கே 'அவினே' என்பார்கள். அலமாரி வாடை போவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

டிகாண்டரில் எப்போது ஊற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் அனுபவத்தில், இந்த வயதுப் போர்தோவுக்குப் பரிமாறுவதற்கு முன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதுமானது. ஆரம்ப காலத்தில் ஒருமுறை, காற்றுப் பட்டால் மணம் திறக்கும் என்று நம்பி, மிகப் பழைய ஒரு பர்கண்டி ஒயினைப் பிற்பகலிலேயே ஊற்றி வைத்துவிட்டேன். நண்பர்கள் வந்து அமர்ந்தபோது அதில் புளிப்பைத் தவிர எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அந்த இழப்பு இன்றும் மனத்தில் இருக்கிறது. வயது கூடக்கூடக் காற்றின் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

ஊற்றும்போதே ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால் அது கார்க் வழியாக வந்த ட்ரைக்ளோரோஅனிசோல் என்னும் பொருளின் வேலை. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், காற்றுப் பட்டால் தணியாமல் இன்னும் மேலோங்கும். அந்தப் புட்டியை விலக்கிவிட்டு ஏழாவதைத் திறங்கள். இதை வேறொரு வாடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: நீண்ட காலம் மூடிக்கிடந்ததால் வரும் அடைபட்ட நெடி கால் மணி நேரத்தில் கலைந்துவிடும், ஆகவே அவசரப்பட்டு நல்ல ஒயினைத் தண்டிக்காதீர்கள்.

இனி மறைக்கும் வேலை. துணி உறையோ நீண்ட காலுறையோ போட்டு மறைத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். போர்தோ புட்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் எடையிலும் தோளின் வளைவிலும் சிறு வேறுபாடுகள் இருப்பதால், கூர்ந்து பார்ப்பவருக்கு அவை துப்பு கொடுத்துவிடும். டிகாண்டரிலிருந்து ஒரே மாதிரியான ஆறு வெறும் புட்டிகளில் ஊற்றிவிடுவதே நம்பகமானது. கார்க்கிலும் ஷாத்தோவின் பெயரும் ஆண்டும் அச்சிட்டிருக்கும் என்பதை மறவாமல், கார்க்குகளையும் மேலுறைகளையும் பழைய புட்டிகளோடு வேறு அறையில் பூட்டி வையுங்கள். விருந்தளிப்பவரும் அறியாமல் சுவைக்க வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது: ஊற்றியவர் புட்டிகளின் அடியில் அ முதல் ஊ வரை எழுத்துகளை ஒட்டி, எந்த எழுத்து எந்த ஒயின் என்பதை ஒரு தாளில் எழுதி உறையில் இட்டு மூடிவிட்டு, அறையைவிட்டு வெளியேற வேண்டும், இரண்டாமவர் வந்து புட்டிகளின் இடத்தை மாற்றி 1 முதல் 6 வரை எண்களை ஒட்ட வேண்டும். முதலாமவருக்கு எண் தெரியாது, இரண்டாமவருக்குப் பெயர் தெரியாது. வீட்டில் எல்லோருமே விருந்தினராகிவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

எட்டுப் பேர் என்பது நல்ல எண்ணிக்கை. 750 மில்லிலிட்டர் புட்டியில் மண்டிக்கும் சிதறலுக்கும் போக எட்டுப் பேருக்கும் 80 மில்லிலிட்டர் வீதம் கிடைக்கும்; அதில் பாதியை உணவுக்கு முன்பும் மீதியை உணவோடும் ஊற்ற வேண்டும். ஒரே நேரத்தில் ஆறு கோப்பைகளை வைப்பதைவிட மும்மூன்றாக இரண்டு சுற்றுகளில் வைத்தால் 24 கோப்பைகள் போதும், மூக்கும் களைப்படையாது. எல்லாக் கோப்பைகளும் ஒரே வடிவத்தில் இருப்பது கட்டாயம். வாய் அகன்றதிலும் குறுகியதிலும் ஒரே ஒயின் இரண்டாகத் தெரியும். மேசையில் இருவருக்கு ஒரு பணிக்கம் வையுங்கள். வெற்றிலை போடும் வீடுகளில் புழங்கிய அந்தப் பழைய சொல்லை, ஒயினைத் துப்பும் பாத்திரத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்டோம். துப்புவதில் அவமரியாதை ஏதும் இல்லை. ஆறாவது கோப்பையையும் முதல் கோப்பைக்குரிய கவனத்தோடு சுவைப்பதற்கு அதுவே வழி. எத்தனை குறைவாக அருந்தினாலும் வீடு திரும்ப யாரும் வண்டி ஓட்டக் கூடாது.

அறையில் வேறு மணம் இருக்கக் கூடாது. அத்தர், நறுமண மெழுகுவத்தி, பூச்சரம் எதுவும் வேண்டாம். தமிழ் வீடானால் அன்று மாலை ஊதுபத்தியும் பெருங்காயத் தாளிப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பழைய ஒயினின் மணம் மெல்லியது. முதல் சுற்றுகளின்போது உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் மட்டும் போதும்.

கோப்பைகள் வைக்கப்பட்டதும் இருபது நிமிடம் யாரும் பேசக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். "இதில் சுருட்டுப் பெட்டி வாசம் வருகிறதே" என்று ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட்டால், மற்ற ஏழு மூக்குகளும் அதன் பின்னால் போய்விடும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாளை வைத்து, அதில் மூன்றே கேள்விகளை எழுதுங்கள்: இது எந்தக் கரை, ஏன் அப்படி நினைக்கிறீர்கள், இந்த ஒயினுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் இருக்கிறது.

எழுதும் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கருந்திராட்சைச் சிறுகனி, தேவதாரு, பென்சில் சீவல், காட்டுத் தரை, காளான் என்று பிரெஞ்சுச் சுவைஞர்கள் கையாளும் சொற்கள் அவர்களுடைய பாட்டி வீட்டுத் தோட்டத்திலிருந்தும் இலையுதிர்காலக் காடுகளிலிருந்தும் வந்தவை. அவற்றைக் கடன் வாங்கி எழுதினால் ஒப்பிப்பதாகவே முடியும். எங்கள் குழுவில் ஒருவர் முதிர்ந்த மெடோக்கை முகர்ந்து, பழைய மரப்பெட்டிக்குள் புகையிலையோடு கிடந்த உலர்ந்த நாவற்பழம் என்று எழுதினார். அதைவிடத் துல்லியமாக அந்த ஒயினை நான் வேறெங்கும் படித்ததில்லை. முதல் மழைக்குப் பிந்தைய மண்வாசனை, உலர்ந்த அத்தி, கருப்பட்டி, சந்தனக்கட்டை என்று உங்கள் நினைவில் இருப்பதையே எழுதுங்கள். டானின் விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது: அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூவின் துவர்ப்பு, முற்றாத நாவலின் துவர்ப்பு, நாவைக் கழுவிவிட்டுப் போகும் நெல்லிக்காயின் துவர்ப்பு ஆகியவற்றை வேறுபடுத்தத் தெரிந்த நாக்கு, இளம் டானினையும் முதிர்ந்து கரைந்த டானினையும் விரைவில் பிரித்தறியும்.

எதைப் பார்ப்பது என்பதற்கு என் வரிசை இது. முதலில் கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். இளமையின் ஊதாச் சாயல் மறைந்து செங்கல் நிறமும் பிறகு பழுப்பும் படரும், அகன்ற பழுப்பு விளிம்பு முதுமையைக் காட்டும். அடுத்து, சுழற்றாமல் ஒருமுறையும் சுழற்றிய பின் ஒருமுறையும் முகருங்கள். வாயில் எடுத்ததும், துவர்ப்பு எங்கே அமர்கிறது என்று கவனியுங்கள்: ஈறுகளில் நேர்க்கோடாக நின்று, நடுநாக்கில் சற்று மெலிந்து, இறுதியில் மீண்டும் வந்தால் அது கபெர்னே மிகுந்த இடக்கரையாக இருக்கலாம், நடுநாக்கில் சதைப்பற்றாக நிறைந்து, பிளம் பழமும் ஈர மண்ணும் நினைவுக்கு வந்தால் வலக்கரையாக இருக்கலாம். துப்பிய பிறகோ விழுங்கிய பிறகோ மணம் எத்தனை நொடி நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். பழத்தின் இனிமை அடியில் இன்னும் இருந்தால் அந்த ஒயினுக்கு ஆயுள் உண்டு. புளிப்பும் துவர்ப்பும் மட்டும் எலும்பாகத் துருத்திக்கொண்டிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் ஆறையும் தம் விருப்பப்படி வரிசைப்படுத்தித் தாளை மடித்துக் கொடுத்துவிட வேண்டும். உணவு முடியும்வரை ஒரு பெயரைக்கூட வெளியிடக் கூடாது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர், பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னிய ஒயின்களையும் பெயர் மறைத்து ஒப்பிட நடத்திய புகழ்பெற்ற சுவைப்பில், கலிஃபோர்னியாவின் ஷாத்தோ மாண்டெலீனா வெள்ளை ஒயின்களில் முதலிடம் பெற்ற செய்தி, சிவப்பு ஒயின்களைச் சுவைப்பதற்கு முன்பே நடுவர்களுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு அவர்கள் எந்தக் கோப்பை பிரான்ஸ், எது அமெரிக்கா என்று தேடத் தொடங்கியது இயல்பே. முடிவு அப்படியும் ஸ்டாக்ஸ் லீப் என்ற கலிஃபோர்னியச் சிவப்புக்கே சாதகமாக வந்தது, ஆனால் நடைமுறையில் நேர்ந்த அந்தப் பிழையை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

வரிசை எண்களைக் கூட்டிக் குறைந்த தொகை பெற்றதை முதலிடத்தில் வைப்பது எளிய கணக்கு. அதோடு நின்றுவிடாதீர்கள். எல்லோரும் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வைத்த ஒயின் கூட்டலில் வென்றுவிடும். பாதிப் பேர் முதலாவதாகவும் பாதிப் பேர் கடைசியாகவும் வைத்த ஒயின் நடுவில் புதைந்துவிடும். அந்த இரண்டாவது வகைக் கோப்பையைப் பற்றித்தான் உணவின்போது பேச வேண்டும்.

உணவு எளிமையாக இருக்கட்டும். மெடோக்கின் போயாக் பக்கத்து வழக்கப்படி பூண்டும் தைம் இலையும் மட்டும் சேர்த்துச் சுட்ட இளம் ஆட்டுக்கால், அல்லது சுட்ட மாட்டிறைச்சித் துண்டு, உடன் உருளைக்கிழங்கு. மிளகாய்க் காரம் டானினையும் ஆல்கஹாலையும் முரடாக்கும். வினிகர் சேர்த்த சாலட் ஒயினைக் கொன்றேவிடும், ஆகவே அது வேண்டாம். இப்போது மீதிப் பாதியை அதே எண் வரிசையில் ஊற்றி, இறைச்சியோடு அருந்தி, மீண்டும் ஒருமுறை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தனியாக அருந்தியபோது முரட்டுத்தனமாகத் தெரிந்த இடக்கரை ஒயின்கள் ஆட்டிறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது துவர்ப்பு அடங்கி மேலே ஏறுவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பாலாடைக்கட்டி பரிமாறினால் முதிர்ந்த மிமோலெத், கோம்தே போன்ற கெட்டியானவற்றைத் தேர்ந்தெடுங்கள். மென்மையான வெண்தோல் வகைகள் இந்த ஒயின்களோடு சேர்ந்தால் நாவில் உலோகச் சுவை தட்டும்.

பெயர்களை வெளியிடும்போது கடைசி இடம் பெற்றதிலிருந்து தொடங்கி, அந்தந்தப் பழைய புட்டியைக் கார்க்கோடு கொண்டுவந்து எண்ணுக்குப் பின்னால் நிறுத்துங்கள். எண்ணிட்ட புட்டிகளின் அடியில் எஞ்சியிருக்கும் சில துளிகளைப் பெயர் தெரிந்த நிலையில் இன்னொரு முறை சுவைக்கச் சொல்லி, அப்போது தோன்றுவதையும் அதே தாளில் முந்தைய குறிப்புக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அந்தத் தாள்களைத் தேதியிட்டு ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். அடுத்த ஒயினைத் தேர்வதற்கு முன்பு அவற்றை எடுத்துப் படிப்பது வழக்கம். அதன் பிறகு ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு ஒரு சோத்தேர்ன் இனிப்பு ஒயினை 10, 12 டிகிரிக்குக் குளிர்வித்து, லேபிள் எல்லோருக்கும் தெரியும்படியே மேசையின் நடுவில் வைத்துவிடுவோம்.